கோட்டுக்குத் திகதி இல்லை, தம்பிமாரே

நீண்ட பதிவு. ஆறுதலாக வாசிக்க நேரமுள்ளவர்கள் வாசியுங்கள். மற்றவர்கள் கடைசியில் உள்ள ஆறு விஷயத்தையாவது பார்த்துவிட்டுப் போங்கள்.

போன கிழமை என்னுடைய பழைய மாணவன் ஒருவன், இப்போது சுவிஸில் நல்ல வேலையில் இருக்கிற பிள்ளை, ஒரு படம் போட்டிருந்தான். பின்னால் பனிமலை, முன்னால் அவன், கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல். அல்ப்ஸ் மலையில் 24 கிலோமீற்றர் ஓடியிருக்கிறான். கீழே ஓடிய வழியின் கோடு. அதோடு ஒரு வரி: "ஆரும் ஓடலாம். பயந்தவனுக்குத்தான் வீடு." பாராட்டுகள் குவிந்திருந்தன.

நான் ஒரே ஒரு கேள்வி எழுதினேன். "தம்பி, இதில் எவ்வளவு தூரம் நீலக்குறிப் பாதை? என்ன திகதியில் ஓடினீர்?"

பதில் அவனிடமிருந்து வரவில்லை. அவனுடைய நண்பர் ஒருவரிடமிருந்து வந்தது. "சேர், இது வகுப்பறை இல்லை. உங்கடை காலத்துக் கதையை இங்கை கொண்டு வராதேங்கோ." அதற்கும் இருபது முப்பது பேர் சிரித்திருந்தார்கள்.

சரி. வகுப்பறை இல்லைத்தான். ஆனால் முப்பத்துமூன்று வருஷம் புவியியல் படிப்பித்தவனுக்கு, வரைபடத்தைத் தப்பாகப் பாவிக்கிறதைக் கண்டும் காணாமல் இருக்க ஏலாது. ஒருமுறை அப்படி இருந்தேன். அதற்கான விலையை என் வீட்டிலேயே கண்டேன். அதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.

ஓய்வுபெற்ற பிறகு வருஷத்தில் பாதி நாள் பேர்ண் மாநிலத்தில், தூண் ஏரிக்குப் பக்கத்தில், மகளோடு இருக்கிறேன். மருமகன் ஓட்டக்காரன். சமதரையில் மரதன் ஓடியவர். இரண்டு வருஷமாக மலை ஓட்டத்தில் ஆசை. ஜூன் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, சாப்பாட்டு மேசையில், போனில் ஒரு கோட்டைக் காட்டினார். யாரோ ஒருவர் ஓடிப் பதிந்து எல்லோருக்கும் திறந்து விட்ட கோடு. 21 கிலோமீற்றர், 1,700 மீற்றர் ஏற்றம், உச்சியில் 2,600 மீற்றர் அளவில் ஒரு கணவாய். "அருமையான வழி, எல்லாருக்கும் ஏற்றது" என்று எழுதியிருந்தது.

நான் பார்த்தேன். கணவாய்க்கு வடக்குப் பக்கம் சமவுயரக் கோடுகள் தலைமயிர் மாதிரி நெருங்கிக் கிடந்தன. வடக்குச் சரிவு, நெருங்கிய கோடு, ஜூன் மாதம். மூன்றையும் சேர்த்தால் என்ன வரும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையே சொல்லும்: பழைய பனி, செங்குத்தான சரிவில், காலையில் கல்லுப்போல இறுகிக் கிடக்கும்.

வாய் திறக்கவில்லை. மருமகன் வீட்டில் மாமன் புத்தி சொல்லப்படாது என்று எங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறதல்லவா? அந்தப் பழக்கம். "கவனமாய்ப் போயிட்டு வாங்கோ" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த நாள் பத்தரைக்கு மகளுக்குத் தொலைபேசி. ஓட்டச் சப்பாத்தோடு அந்தப் பனியைக் குறுக்கே கடக்கப்போய், வழுகி, நாற்பது மீற்றர் போல இழுபட்டு, கீழே கற்குவியலில் அடிபட்டு நின்றிருக்கிறார். மணிக்கட்டு இரண்டாய் முறிந்தது. முழங்காலிலிருந்து இடுப்பு வரை தோல் உரிந்தது. போனில் பற்றரி 9 வீதம். அதை வைத்து 1414 ஐ அழைத்திருக்கிறார். ஹெலிகொப்டர் வந்து தூக்கியது. கற்குவியல் இல்லாமல் அதற்குக் கீழே விளிம்பு இருந்திருந்தால், இந்தப் பதிவு வேறு மாதிரி இருந்திருக்கும்.

அன்று பின்னேரம் வைத்தியசாலையில் என் பேத்தி கேட்டாள்: "அம்மப்பா, அப்பான்ரை போனிலே வழி இருந்ததுதானே? பேந்து ஏன் விழுந்தவர்?"

எட்டு வயதுப் பிள்ளையின் கேள்வி. ஆனால் இதைவிடச் சரியான கேள்வியை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு மகள் அந்தக் கோட்டைப் பதிந்தவரின் பக்கத்தைத் தேடி எடுத்தாள். அவர் ஓடியது செப்டெம்பரில். பனி முழுக்க உருகிய மாதம். அதோடு அவர் ஓடியது மறுதிசையில். செங்குத்தான பக்கத்தால் ஏறி, இலகுவான பக்கத்தால் இறங்கியிருக்கிறார். என் மருமகன் செங்குத்தில் இறங்கினார். பதிவின் கீழே உள்ளூர்க்காரர் ஒருவர் ஜேர்மன் மொழியில் எழுதியிருந்தார்: ஜூலை நடுப்பகுதி வரை அங்கே பனி கிடக்கும், கவனம் என்று. அதற்கு ஒரு பதிலும் இல்லை. "எல்லாருக்கும் ஏற்றது" என்ற வரி மாத்திரம் அப்படியே இருந்தது.

இதுதான் என் குற்றச்சாட்டு. மலையில் ஓடுகிறவர்கள் மேல் அல்ல. மலைப்பாதையைக் கோடாக்கி, திகதியைக் கழற்றி, திசையைக் கழற்றி, பனியைக் கழற்றி, பயத்தையும் கழற்றி, "ஆரும் ஓடலாம்" என்று பட்டம் கட்டி ஊருக்கு விடுகிறவர்கள் மேல்.

எங்கள் ஊரில் வழி கேட்டால் எப்படிச் சொல்வார்கள் என்று நினைத்துப் பாருங்கள். "உந்த ஒழுங்கையாலே போங்கோ, கோயிலடியிலே திரும்புங்கோ. ஆனால் மாரியிலே எண்டால் உதாலே போகாதேங்கோ, முழங்காலளவு வெள்ளம் நிக்கும். இருட்டினால் நாய் கிடக்கும்." வழி சொல்லுகிற கிழவிக்கு வரைபடம் தெரியாது. ஆனால் காலம் தெரியும், நேரம் தெரியும், கேட்கிறவன் எப்படிப்பட்டவன் என்றும் பார்ப்பாள். அதற்குப் பெயர்தான் வழி சொல்லுதல். நீங்கள் செய்வது கோடு கீறுதல்.

சுவிஸ்காரர் இதை எங்கள் கிழவியைவிட ஒழுங்காகச் செய்து வைத்திருக்கிறார்கள். இந்த நாட்டில் அடையாளமிட்ட நடைபாதைகள் ஏறக்குறைய 65,000 கிலோமீற்றர். 1979 இல் மக்கள் வாக்களித்து நடைபாதையை அரசியலமைப்பிலேயே சேர்த்தார்கள். அந்தப் பாதைகளை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள்.

மஞ்சள் பலகை: சாதாரண நடைபாதை. கிழவனான நானும் போகலாம்.

வெள்ளை–சிவப்பு–வெள்ளை: மலைப்பாதை. ஒடுங்கியது, செங்குத்தானது, ஓரத்தில் பள்ளம் இருக்கலாம். கால் உறுதி வேண்டும், தலை சுற்றக்கூடாது, நல்ல சப்பாத்து வேண்டும்.

வெள்ளை–நீலம்–வெள்ளை: அல்ப்ஸ் பாதை. பனித்தரை, பனியாறு, கல் சரிகிற இடம், கைகளால் பிடித்து ஏறவேண்டிய பாறை எல்லாம் வரும். சில இடங்களில் பாதையே இராது. கயிறும் பனிக்கோடரியும் தேவைப்படலாம் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம் கவனித்தீர்களா? மஞ்சள் வழிகாட்டிப் பலகையில் கிலோமீற்றர் இராது. நேரம்தான் இருக்கும். ஏன்? மலையில் தூரம் ஒன்றும் சொல்லாது. நேரம்தான் நிலத்தைச் சொல்லும். சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீற்றர் என்ற கணக்கை வைத்து, ஏற்ற இறக்கத்தைச் சேர்த்து, ஓய்வைச் சேர்க்காமல் போட்ட நேரம் அது. அடுத்த மூன்று கிலோமீற்றருக்கு இரண்டு மணித்தியாலம் என்று பலகை சொன்னால், "நான் அரைவாசி நேரத்தில் முடிப்பேன்" என்று சிரிப்பதற்காக அதை நடவில்லை. "முன்னால் இருக்கிற நிலம் பொல்லாதது" என்று உங்கள் காதில் சொல்லத்தான் நட்டார்கள்.

என் மருமகன் அந்த நீலக்குறியைக் கண்டவர். பிறகு என்னிடம் சொன்னார்: "மாமா, கண்டனான். ஆனால் போனிலே கோடு அந்தப் பக்கம்தான் போச்சு. பலகை வேறை ஆருக்கோ எண்டு நினைச்சிட்டன்."

இந்த வசனத்தைத்தான் நான் மறக்கவே இல்லை. அரசாங்கம் நட்ட பலகையைவிட, முகம் தெரியாத ஒருவரின் கோட்டை நம்ப வைத்திருக்கிறோம்.

இனி, எனக்கு எதிராக வரப்போகும் வாதங்களையும் நானே எடுத்துவைக்கிறேன். வழக்கமாக நாலு வரும்.

ஒன்று: "மலையோட்டத்தையே தடைசெய்யச் சொல்லுறீங்களா?" இல்லை. சியேர் நகரிலிருந்து சினால் கிராமம் வரை 31 கிலோமீற்றர், 2,200 மீற்றர் ஏற்றம், 1974 இலிருந்து ஓடுகிறார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலான பந்தயம். அதில் ஆறுதலாகப் போகிறவர்களுக்கென்று தனிப் பிரிவே வைத்து, அவர்களை முன்கூட்டியே புறப்பட விடுகிறார்கள். மலையும் ஓட்டமும் எதிரிகள் இல்லை. அதற்கு நானே கைதட்டுவேன்.

இரண்டு: "பெரிய பந்தயங்கள் ஓடுகிற பாதையைத்தான் நாங்களும் ஓடுறம்." இங்கேதான் பிழை. மொன்ட் பிளாங்க் மலையைச் சுற்றி, பிரான்ஸ், இத்தாலி, சுவிஸ் என்று மூன்று நாட்டைத் தொட்டு, ஷமொனியிலேயே தொடங்கி ஷமொனியிலேயே முடிகிற பெரிய பந்தயம் இருக்கிறது. 2003 இல் தொடங்கியது. சுமார் 170 கிலோமீற்றர், 10,000 மீற்றர் ஏற்றம். சாதாரணமாக நடக்கிறவர்களுக்கு அந்தச் சுற்று ஒரு கிழமைக்கு மேல் எடுக்கும். ஆனால் பந்தயத்தில் ஓடுகிறவர் நெற்றி விளக்கு, தொப்பியோடு மழைச்சட்டை, உயிர்காக்கும் போர்வை, விசில், தண்ணீர், போன் இல்லாமல் நிற்க முடியாது. வழியெல்லாம் தொண்டர்கள், வைத்தியர்கள், நேரம் தப்பினால் நிறுத்திவிடுகிற சாவடிகள். வானிலை மோசமென்று 2010 இல் பந்தயத்தையே நிறுத்தினார்கள். 2012 இல் பாதையைக் குறுக்கினார்கள். பந்தயத்தின் கோட்டை நீங்கள் போனில் இறக்கும்போது இவற்றில் எது கூட வருகிறது? கோடு மட்டும்தான் வரும். தொண்டரும் வரமாட்டார், வைத்தியரும் வரமாட்டார், "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லுகிற ஆளும் வரமாட்டார்.

அந்த ஆள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கறுப்பு நாள் சாட்சி. 2021 மே 22, சீனாவின் கன்சு மாகாணம். 100 கிலோமீற்றர் மலையோட்டம், 172 பேர் ஓடினார்கள். மேலே குளிர்காற்றும் ஆலங்கட்டி மழையும் அடித்தது. காற்றுத் தாங்கும் மேலுடுப்பைக் கட்டாயப் பொருளாக வைக்கவில்லை. 21 பேர் இறந்தார்கள். நாட்டின் சிறந்த ஓட்டக்காரர்களும் அதில் அடக்கம். ஆறு பேரைக் காப்பாற்றியது யார்? ஓர் ஆடு மேய்ப்பவர். தான் ஒதுங்குகிற குகைக்குள் அவர்களைக் கொண்டுபோய் நெருப்பு மூட்டிச் சூடேற்றினார். காற்று எப்போது திரும்பும், எங்கே ஒதுங்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எந்தக் கோட்டிலும் அந்தக் குகை இருந்திராது.

மூன்று: "உலக வீரர்கள் மெல்லிய சப்பாத்தோடுதானே ஏறுகினம்?" கிலியன் ஜோர்னெட் 2013 ஜூலையில் ஷமொனியிலிருந்து மொன்ட் பிளாங்க் உச்சிக்குப் போய்த் திரும்பி வர எடுத்த நேரம் 4 மணி 57 நிமிடம். மெய்தான். மலையிலேயே, மலைக்குடிலிலேயே வளர்ந்த பிள்ளை அவர். அதே வருஷம் செப்டெம்பரில், அதே ஷமொனிக்கு மேலே, அவரும் எமெலி ஃபோர்ஸ்பெர்க்கும் ஒரு பாறைமுகத்தில் மாட்டி, மீட்புக்குழுவை அழைக்க வேண்டி வந்தது. முதல் செய்தியைப் பகிர்ந்தவர்கள் எத்தனை பேர், இரண்டாவதைப் பகிர்ந்தவர்கள் எத்தனை பேர்? 2017 இல் மெல்லிய உடுப்போடு மொன்ட் பிளாங்க் ஏறப்போன ஓர் ஓட்டக்காரர் விழுந்து இறந்த பிறகு, கீழே உள்ள சன் ஜெர்வே நகர மேயர், அந்த வழியால் ஏறுகிறவர்கள் கொண்டுபோக வேண்டிய பொருட்களை ஆணையாகவே போட்டார். ஆணையால் எல்லாம் திருந்திவிடும் என்று நான் நம்பவில்லை. மலையின் ஒவ்வொரு வளைவிலும் பொலிஸ்காரனை நிறுத்த முடியாது. அதனால்தான் கோடு போடுகிறவரின் மனச்சாட்சியோடு கதைக்கிறேன்.

நாலு: "ஓடுகிறவன்தான் பொறுப்பு. கோடு போட்டவன் என்ன செய்வான்?" இது மெலிந்த வாதம் இல்லை. என் மருமகனும் இதைத்தான் சொல்கிறார். பிழை தன்னுடையது என்கிறார். பாதிப் பொறுப்பு அவருடையதுதான். ஆனால் "நான் இன்ன திகதியில் இந்த வழியால் ஓடினேன்" என்று எழுதுவது அனுபவம். "எல்லாருக்கும் ஏற்றது" என்று எழுதுவது தீர்ப்பு. தீர்ப்புச் சொன்னவர் பிறகு "எனக்கென்ன" என்று கையைக் கழுவ முடியாது. ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது இறங்குகிறவனுக்குச் சொன்னது. ஆழம் அறிந்தவன் "முழங்காலளவுதான், இறங்கு" என்று சொன்னால், அதற்கு என்ன பெயர்?

இன்னொரு விஷயம். மலை தானே மாறிக்கொண்டிருக்கிறது. உயரத்தில் பாறையைப் பசைபோல ஒட்டிவைத்திருந்த நிலத்தடிப் பனி உருகுகிறது. 2017 ஓகஸ்ட்டில் பிட்ஸ் செங்கலோ மலையிலிருந்து சுமார் 30 இலட்சம் கனமீற்றர் பாறை சரிந்தது. கீழே பாதையில் நடந்துகொண்டிருந்த எட்டுப் பேர் போனவர்கள் போனவர்கள்தான். 2025 மே மாதம் லோட்சென்டால் பள்ளத்தாக்கில் பனியாறு உடைந்து பிளாட்டன் கிராமத்தை மூடியது. விஞ்ஞானிகள் முன்பே எச்சரித்து, ஏறக்குறைய 300 பேரை வெளியேற்றியிருந்தபடியால்தான் ஊர்ச்சனம் தப்பியது. ஊரே இடம்பெயர்ந்துபோகிற காலத்தில், மூன்று வருஷத்துக்கு முந்திய கோடு என்ன உத்தரவாதம் தரும்?

வெயிலையும் நம்பாதேங்கோ. ஆயிரம் மீற்றர் ஏற, வெப்பநிலை சராசரியாக ஆறரைப் பாகை குறையும். ஏரிக்கரையில் 24 பாகை என்றால், அதைவிட 2,000 மீற்றர் உயரத்தில் 11 பாகை. அதில் மழையும் காற்றும் சேர்ந்து, வியர்வையில் நனைந்த பனியனோடு, கால் பிசகி ஒரு மணித்தியாலம் உட்கார வேண்டி வந்தால்? ஓடும்போது உடம்பு அடுப்பு. நின்றால் அடுப்பு அணைந்துவிடும். மெல்லிய பையில் ஒரு மழைச்சட்டையும் போர்வையும் பாரம் என்று வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் இதை நினைக்க வேண்டும்.

ஆகவே, கோடு பகிர்கிற தம்பிமாரே, தங்கச்சிமாரே, தடை கேட்கவில்லை. கோட்டோடு ஆறு விஷயம் எழுதுங்கள். அவ்வளவுதான்.

1. எந்தத் திகதியில் ஓடினீர்கள், அன்றைக்குப் பனி எங்கே கிடந்தது.

2. எந்த நிறக்குறிப் பாதை. நீலம் இருந்தால் எவ்வளவு தூரம் என்று முதல் வரியிலேயே.

3. எந்தத் திசையில் ஓடினீர்கள், மறுதிசையில் எது கடினம்.

4. ஆக மோசமான இடம் எது. அங்கே வழுகினால் ஆள் எங்கே போய் நிற்பான். இதை எழுதக் கூச்சப்படாதேங்கோ.

5. எங்கே திரும்பலாம், எங்கே ஒதுங்கலாம். மலைக்குடில், கடைசிக் கேபிள் கார், கீழே இறங்குகிற குறுக்குவழி.

6. உங்கள் பையில் என்ன இருந்தது, இந்த மலைகளில் உங்களுக்கு எத்தனை வருஷப் பழக்கம்.

"ஆரும் ஓடலாம்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். உங்களுக்கு அந்த "ஆரும்" யாரென்று தெரியாது.

பின்தொடர்ந்து ஓடுகிறவர்களுக்கும் ஒன்று. சுவிஸ் அரசின் வரைபடச் செயலி இலவசம். பாதையின் நிறவகையும், மூடிய பாதைகளும் அதில் தெரியும். முதல்நாள் இரவு பத்து நிமிஷம் அதைப் பாருங்கள். சமவுயரக் கோடு நெருங்கினால் செங்குத்து. வடக்குச் சரிவில் பனி நாளாகும். மாட்டுக்கூட்டம், கன்றோடு நிற்கிற பசு, மந்தைக் காவல் நாய் கண்டால் ஓடாதேங்கோ. நின்று, நடந்து, விலகிப் போங்கோ. எந்த வழியால் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கோ. பலகையும் போனும் வேறு வேறு சொன்னால், பலகையை நம்புங்கள்.

வீட்டில் இருக்கிற என்னைப்போன்ற பெரியவர்களுக்கும் ஒன்று. பிள்ளைகள் வரைபடத்தைக் காட்டும்போது, தெரிந்ததைச் சொல்லுங்கள். மருமகன் என்ன நினைப்பார், மருமகள் என்ன நினைப்பாள் என்று வாயை மூடிக்கொண்டு இருக்காதேங்கோ. அந்த வெள்ளி இரவு நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வசனம். "தம்பி, வடக்குப் பக்கம் பனி கிடக்கும்." அதைச் சொல்ல மூன்று செக்கன் போதும்.

மருமகன் இப்போது திரும்பவும் ஓடுகிறார். கையில் தகடு வைத்திருக்கிறது. நான் தடுக்கவில்லை. போகுமுன் குளிரூட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டுவார்: வழி, நிறம், திரும்பும் நேரம். அதற்கு முதல் வரைபடத்தை என்னிடம் தருவார். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பேன். போன மாதம் ஒரு கோட்டைப் பார்த்து, "இது ஓகஸ்ட்டுக்கு வையுங்கோ" என்றேன். வைத்துவிட்டார். பேத்தி பக்கத்தில் நின்று, எது வடக்கு என்று கேட்டுப் பழகுகிறாள்.

என் மாணவனுக்குக் கடைசியாக ஒன்று. தம்பி, உம்மிலே கோபம் இல்லை. நீர் நன்றாக ஓடுகிறீர், பார்க்கப் பெருமையாக இருக்கிறது. உம்முடைய கோடு இன்னும் அப்படியே கிடக்கிறது. அதைத் திறந்து, திகதியைப் போடும். நீலக்குறி எங்கே வருகிறது என்று எழுதும். ஐந்து நிமிஷ வேலை. எழுதியதும் முதல் ஆளாய் நானே பகிர்வேன்.

பகிர விரும்புகிறவர்கள் கேட்காமலே பகிரலாம். திட்ட விரும்புகிறவர்கள், அந்த ஆறையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.